நத்தை இல்லாமல் புழு இல்லை

ஐப்பசி மழை ஏமாற்றாமல் பெய்தால் சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்தைச் சுற்றியுள்ள கண்மாய்களில் கார்த்திகைக்குள் தண்ணீர் நின்றுவிடும். கரிசல் கரைந்த கலங்கல் தெளிவதற்குள்ளேயே உள்ளான்கள் கரையோரச் சேற்றைக் குத்திக் கிளறத் தொடங்கிவிடுகின்றன. பின்னாலேயே நீலச்சிறகு வாத்துகள், ஊசிவால் வாத்துகள், தட்டைவாயன்கள். தென்மேற்கே வெம்பக்கோட்டை அணையில் தண்ணீர் இருக்கும் வருடமென்றால் நாமக்கோழிகளும் கூட்டமாக மிதக்கும். தீபாவளி லோடு போய் முடிந்து பட்டாசு ஆலைகள் ஓய்ந்திருக்கும் நேரம் அது. ஊர்க்காரர்களுக்கு அண்ணாந்து பார்க்க நேரம் கிடைப்பதும் அப்போதுதான்.

தொலைக்காட்சியில் பறவைக் காய்ச்சல் செய்தி ஓடும் வருடத்தில் மட்டும் அந்தப் பார்வை கொஞ்சம் மாறிவிடும். "எங்கெங்கேயோ இருந்து சீக்கைக் கொண்டாந்து இங்க இறக்கிட்டுப் போகுதுங்க" என்பார்கள் டீக்கடையில். பறவைக் காய்ச்சல் வைரஸால் வருவது. அதன் போக்கு வேறு. இங்கே பேச்சு, பறவைகளின் குடலிலும் இரத்தத்திலும் கண்ணிலும் இறகிடுக்கிலும் வாழும் ஒட்டுண்ணிகளைப் பற்றியது. இவற்றை வலசைப் பறவைகள் சுமந்து வருகின்றன என்பதில் சந்தேகமே வேண்டாம். உடம்பில் ஒரு புழுகூட இல்லாத காட்டு வாத்து அபூர்வம். ஆனால் சுமந்து வந்த சரக்கு இங்கே இறங்கிக் குடியேறுமா என்பது பறவையின் கையில் இல்லை. அதைக் கண்மாய் தீர்மானிக்கிறது. குறிப்பாக, கண்மாயில் கிடக்கும் நத்தை தீர்மானிக்கிறது.

நத்தையிடமிருந்தே தொடங்கலாம். வாத்தின் குடலிலோ இரத்தக் குழாயிலோ குடியிருக்கும் தட்டைப்புழு இடும் முட்டை, எச்சத்தோடு தண்ணீரில் விழுகிறது. அதிலிருந்து, உடம்பெல்லாம் நுண்ணிய மயிர்கள் துடிக்க நீந்தும் உயிர் ஒன்று வெளிவருகிறது. மிராசிடியம் என்பது அதன் பெயர். அதற்கு இரை தின்னும் வேலையே இல்லை. உடம்பில் இருக்கும் சேமிப்பு தீர்வதற்குள், அதாவது சில மணி நேரத்துக்குள், ஒரு நத்தையைத் தேடிப் பிடித்து உள்ளே துளைத்துக்கொண்டு போயாக வேண்டும். எந்த நத்தையாவது கிடைத்தால் போதும் என்றும் இல்லை. பெரும்பாலான தட்டைப்புழு இனங்களுக்கு ஒத்துப்போகும் நத்தை ஒன்றிரண்டு இனங்கள்தான். கஸகஸ்தான் ஏரியில் ஒரு நத்தையோடு பழகிய புழு, நம் கண்மாயில் வேறு நத்தையைச் சந்தித்தால் அதன் உடம்பே புழுவைக் கொன்றுவிடும். இந்தத் தடத்தில் நேரடிப் பேருந்து கிடையாது. இறங்கிய இடத்தில் அடுத்த வண்டி நிற்கவில்லை என்றால் பயணம் அதோடு சரி.

சரியான நத்தை அகப்பட்டுவிட்டால் கதை தலைகீழ். உள்ளே போன ஒரே ஒரு மிராசிடியம் தன்னைத் தானே பிரதியெடுத்துப் பெருகுகிறது. சில வாரங்களில் நத்தையிலிருந்து வால் முளைத்த இளம்புழுக்கள் நாள்தோறும் நூற்றுக்கணக்கில், சில இனங்களில் ஆயிரக்கணக்கில் தண்ணீருக்குள் இறங்குகின்றன. இவற்றைச் செர்காரியா என்கிறார்கள். நத்தையின் இனப்பெருக்க உறுப்பு அழிந்துபோகிறது; அது தின்பதெல்லாம் புழுவுக்குப் போகிறது. ஊர்ந்து போவது நத்தைதான் என்றாலும் ஓட்டுக்குள் குடித்தனம் நடத்துவது வேறொரு குடும்பம். கலிபோர்னியாவிலும் அதை ஒட்டிய மெக்சிகோ பகுதியிலும் உள்ள கழிமுகங்களில் ஆர்மண்ட் கூரிஸ், கெவின் லாஃபர்ட்டி முதலியோர் எல்லா உயிர்களையும் எடை போட்டுப் பார்த்து, 2008இல் நேச்சர் இதழில் முடிவை வெளியிட்டார்கள். அங்கிருந்த ஒட்டுண்ணிகளின் மொத்த எடை, உச்சியில் நிற்கும் வேட்டையாடிகளான பறவைகளின் மொத்த எடையைத் தாண்டியிருந்தது. நாம் கண்மாயில் எண்ணிக்கொண்டிருப்பது நீருக்கு மேலே தெரியும் சிறுபான்மையைத்தான்.

செர்காரியாவின் அடுத்த இலக்கு இனத்துக்கு இனம் மாறும். சில நேரே வாத்தின் காலைத் துளைக்கும். சில இன்னொரு நத்தைக்குள் புகுந்து கூடுகட்டிக்கொண்டு, அந்த நத்தையை வாத்து விழுங்கும்வரை காத்திருக்கும். மீனுக்குள் போகும் வகைதான் நம் அடுப்படிவரை வருகிறது. கண்மாய் மீனை அலசி வெட்டும்போது செவுள் ஓரத்திலோ சதைக்குள்ளோ மஞ்சளாக, அரிசி அளவில் ஒரு முடிச்சு தட்டுப்படுவதுண்டு. கிளைனோஸ்டோமம் என்ற தட்டைப்புழுவின் இளம்பருவமாக அது இருக்கலாம். இந்திய நன்னீர் மீன்கள் பலவற்றில் இது பதிவாகியிருக்கிறது. விரால் குடும்பத்து மீன்களில் இதன் நெருங்கிய உறவான யூக்ளைனோஸ்டோமம் இருக்கும். மீனைத் தின்ற கொக்கின் வாயிலும் தொண்டையிலும் புழு முதிர்கிறது. கொக்கு மறுபடி இரைக்காக அலகைத் தண்ணீரில் விடும்போது முட்டைகள் அங்கேயே கழன்று விழுகின்றன. எச்சம் வரைக்கும்கூடக் காத்திருப்பதில்லை! ஜப்பானிலும் கொரியாவிலும் பச்சை மீன் சாப்பிட்ட சிலருடைய தொண்டையில் இந்தப் புழு ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழம்பில் கொதித்த மீனுக்கு அந்தப் பயம் இல்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மீன் தின்னும் மடையானும் நீர்க்காகமும் சிறுகொக்கும் நம் ஊரிலேயே இருப்பவை. சைபீரியாவிலிருந்து வாத்து ஒன்றுகூட வராத வருடத்திலும் இந்தச் சக்கரத்தை இவை சுற்றிக்கொண்டே இருக்கும். விருந்தாளி மீது பழி போடுமுன் வீட்டுக்காரர்களையும் எண்ணிப் பார்ப்பது நியாயம்.

மீனைப் பறவையின் வாய்க்குக் கொண்டுசேர்க்கப் புழு செய்யும் வேலை ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அதே கலிபோர்னியக் கழிமுகத்தில் கில்லிஃபிஷ் என்ற சிறு மீனின் மூளை மேல் ஒரு தட்டைப்புழுவின் இளம்பருவம் படலமாகக் குடியேறுகிறது. அப்படிப்பட்ட மீன் மேற்பரப்புக்கு வந்து துள்ளுகிறது, புரண்டு வெள்ளி வயிற்றைக் காட்டுகிறது. லாஃபர்ட்டியும் மோரிஸும் 1996இல் சோதித்துப் பார்த்தபோது, புழு கண்ட மீன்கள் இப்படி நான்கு மடங்கு அதிகமாக ஆட்டம் காட்டின. நிறையப் புழு இருந்த மீன்களைப் பறவைகள் சுமார் 30 மடங்கு அதிகமாகப் பிடித்துத் தின்றன. கொக்கின் திறமை என்று நாம் வியப்பதில் ஒரு பங்கு புழுவுக்குச் சேர வேண்டியது.

கண்ணுக்குள் வாழும் புழு இன்னும் விசித்திரம். ஃபிலோப்தால்மஸ் என்ற தட்டைப்புழு, நீர்ப்பறவையின் இமைக்கு அடியில் தங்கிக் கண்ணீரில் முட்டையிடுகிறது. பறவை தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தியதும் மிராசிடியம் வெளியேறி நத்தையைத் தேடுகிறது. நத்தையிலிருந்து வரும் செர்காரியா, நீர்ச்செடி, ஓடு, கல் என்று கடினமான பரப்பில் ஒட்டிக் கூடுகட்டிக்கொள்கிறது. பறவை அதை இரையோடு வாயில் போட்டதும், வாயின் சூட்டில் கூடு உடைந்து, புழு கண்ணீர்க் குழாய் வழியாக மேலேறிக் கண்ணுக்குப் போய்விடுகிறது. வயிற்றுப் பக்கமே போவதில்லை. எப்போதாவது மனிதர் கண்ணிலும் தவறிப்போய்த் தங்கும். இலங்கையில் அப்படி ஒருவர் கண்ணில் இருந்த புழுவை டிசநாயக்க, பிலிமோரியா என்ற இரு ஆய்வாளர்கள் 1958இல் பதிவு செய்திருக்கிறார்கள். பறவைப் புழு மனிதரிடம் வந்த அரிய நிகழ்வுகளில் அது ஒன்று.

அரிதல்லாத நிகழ்வும் ஒன்று உண்டு. கோடையில் வற்றிவரும் கண்மாயை மீன் பிடிக்க அழிக்கும் நாளில் ஊத்தாக் கூடையோடு இறங்கியவர்கள் சிலருக்கு, கரையேறிய கொஞ்ச நேரத்தில் கணுக்காலுக்கு மேலே அரிப்பெடுக்கும். இரவுக்குள் சிவந்த தடிப்புகளாகிவிடும். தண்ணீர் சேரவில்லை, பாசி ஒத்துக்கொள்ளவில்லை என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். பாசியாகவும் இருக்கலாம்தான். ஆனால் வாத்தின் காலைத் துளைக்க வேண்டிய செர்காரியா, ஆளின் காலை வாத்தின் கால் என்று நினைத்துத் துளைத்தாலும் இதேதான் நடக்கும். மிச்சிகனில் உள்ள டக்ளஸ் ஏரியில் டபிள்யூ. டபிள்யூ. கார்ட் என்ற ஆய்வாளர் 1928இல் இந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தார். டிரைக்கோபில்ஹார்சியா என்ற பேரினத்துப் புழுக்கள் இதில் முக்கியமானவை. இந்தியாவிலிருந்து 1963இல் விவரிக்கப்பட்ட ஓர் இனத்துக்கு இண்டிகா என்றே பெயர். மனிதத் தோலுக்குள் புகுந்த புழு அங்கேயே செத்துப்போகிறது. அரிப்பு, செத்த புழுவோடு நம் உடம்பு போடும் சண்டை. சில நாட்களில், மிஞ்சினால் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும்.

சரி, பழி வாத்துக்குத்தானே என்று முடிவுகட்ட முடியாது. நம் கண்மாய்களில் தட்டையாகச் சுருண்ட ஓட்டோடு ஒரு நத்தை மிகச் சாதாரணம்: இண்டோபிளானோர்பிஸ் எக்சஸ்டஸ். மாட்டின் இரத்தக் குழாய்ப் புழுக்கள் மூன்றுக்கு இந்த ஒரே நத்தை வீடு. அவற்றில் ஒன்று மாட்டின் மூக்குக்குள் கட்டி வளர்த்து, மூச்சுவிடும்போது குறட்டைச் சத்தம் வரச் செய்வது. அந்தப் புழுவைச் சென்னை மாகாணத்தில் ஆய்வு செய்து 1933இல் விவரித்தவர் எம். ஆனந்த நாராயண ராவ். மாட்டுப் புழுக்களில் இன்னொன்றான சிஸ்டோசோமா ஸ்பிண்டேல், மனிதத் தோலில் இதே அரிப்பை உண்டாக்கும். மலாயாவின் நெல்வயல்களில் அதை 1938இலேயே கண்டறிந்திருக்கிறார்கள். ஆக, கண்மாயில் காலை நனைத்து அரிப்பெடுத்தவர் சந்தேகப்பட வேண்டிய முதல் ஆள், கரையில் அசைபோட்டுக்கொண்டு நிற்கும் அவருடைய சொந்த மாடாகவும் இருக்கலாம்.

இவ்வளவு புழுக்களையும் வருடத்துக்கு ஒரு முறை கணக்குத் தீர்ப்பது கோடை. பங்குனி, சித்திரையில் கண்மாய் வெடித்துக் கிடக்கும்போது முட்டைகளும் நீந்தும் இளம்புழுக்களும் அழிந்துவிடுகின்றன. நத்தைகளில் சில சேற்றுக்குள் புதைந்து ஓட்டை மூடிக்கொண்டு தாக்குப்பிடிக்கும், பெரும்பகுதி செத்துவிடும். அடுத்த மழைக்கு எஞ்சியவற்றிலிருந்துதான் எல்லாம் மறுபடி தொடங்க வேண்டும். வறண்ட சீமையின் சாபம் என்று நாம் திட்டும் அந்தக் கோடை மாதங்கள், பறவைக்கும் மாட்டுக்கும் ஒருவகையில் மருந்து. நகரத்தை ஒட்டிய கண்மாய்களில் இந்த மருந்து வேலை செய்வதில்லை. வரத்துக்கால் வழியாக மழைநீர் வருகிறதோ இல்லையோ, சாக்கடை வருடம் முழுக்க வருகிறது. வைகாசியிலும் பச்சையாகத் தேங்கி நிற்கும் தண்ணீரில் நத்தைக்கும் விடுமுறை இல்லை, கொசுவுக்கும் விடுமுறை இல்லை.

கொசு என்றதும் ரொனால்ட் ராஸ் வந்துவிடுவார். 1897 ஆகஸ்ட் 20இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுச் சுவரில் மனித மலேரியாக் கிருமியைப் பார்த்தவர் அவர் என்பது பாடப்புத்தகத்தில் உண்டு. அடுத்து நடந்தது அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. அவரைக் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். அங்கே பிளேக் தடுப்பூசி பற்றிய பீதி. ஊசியைக் கண்டாலே மக்கள் ஓடினார்கள். இரத்தம் எடுக்க நோயாளி கிடைக்கவில்லை. ராஸ் பறவைகள் பக்கம் திரும்பினார். சிட்டுக்குருவிகளின் மலேரியாவை எடுத்துக்கொண்டு, கொசுவின் வயிற்றிலிருந்து அதன் எச்சில் சுரப்பிக்கும், அங்கிருந்து கடி வழியாக ஆரோக்கியமான குருவிக்கும் கிருமி போய்ச்சேரும் முழுப் பாதையையும் 1898இல் வரைந்து முடித்தார். 1902இல் நோபல் பரிசு வந்ததன் பின்னால் அந்தக் கூண்டுக் குருவிகள் இருக்கின்றன. 

ராஸ் பயன்படுத்திய 'சாம்பல் நிறக் கொசு' க்யூலெக்ஸ் குடும்பம். சாக்கடையில் பெருகி இரவெல்லாம் நம் காதில் பாடுவதும் அதே குடும்பம்தான். பறவை மலேரியா மனிதருக்கு வராது. ஆனால் வாத்துக்கும் உள்ளானுக்கும் வரும். அங்கேயும் நத்தைக் கதைதான்: சுமந்து வருவது போதாது, ஏற்றிச் செல்ல ஆள் வேண்டும். இதற்கு ஹவாய்த் தீவுகளை விடத் தெளிவான சாட்சி கிடையாது. பசிபிக் பொன்னிற உப்புக்கொத்தி, தமிழ்நாட்டுக் கடற்கரைக்கும் வரும் பறவை. காலங்காலமாக ஹவாய்க்கும் போய்வருகிறது. வடக்கிலிருந்து வாத்துகளும் அங்கே போகும். இரத்தத்தில் என்னென்ன கொண்டுபோயிருந்தாலும் அத்தீவுகளின் காட்டுப் பறவைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அங்கே கொசுவே இல்லை. 1826இல் வெலிங்டன் என்ற கப்பல் மவுயி தீவில் தண்ணீர் பிடிக்க நின்றபோது பீப்பாயில் இருந்த க்யூலெக்ஸ் கொசுப்புழுக்கள் ஓடையில் இறங்கின என்பார்கள். பின்னர் அயல்நாட்டுப் பறவைகளையும் கொண்டுவந்து விட்டார்கள். மலேரியா பரவி, ஹனிக்ரீப்பர் என்ற தேன்சிட்டு போன்ற பறவை இனங்கள் பல அற்றுப்போயின. எஞ்சியவற்றில் பெரும்பாலானவை கொசு அதிகம் ஏறாத மலை உச்சிகளில் ஒதுங்கியிருக்கின்றன. ஆயிரமாயிரம் ஆண்டு வலசையால் ஆகாதது ஒரு பீப்பாய்த் தண்ணீரால் ஆனது.

இதன் மறுபக்கத்தை நம் கடற்கரையிலேயே பார்க்கலாம். விஸ்வநத்தத்திலிருந்து தூத்துக்குடி உப்பளங்கள் பறவைக் கணக்கில் நூறு கிலோமீட்டருக்கும் குறைவு. சில உள்ளான் இனங்கள் கண்மாயை விரும்புகின்றன, சில உப்பளத்தை. தியூனிஸ் பியர்ஸ்மா என்ற நெதர்லாந்து ஆய்வாளர் 1997இல் ஒரு யோசனையை முன்வைத்தார்: ஆர்க்டிக்கில் குஞ்சு பொரித்து உப்புக் கடலோரத்தில் குளிர்காலம் கழிக்கும் பறவைகள், கிருமிகள் குறைந்த இடமாகப் பார்த்து வாழ்வதால் நோய் எதிர்ப்புக்குச் செலவழிப்பதை மிச்சம் பிடிக்கின்றன என்று. 2005இல் அவரும் லூயிசா மென்டிஸும் மற்றவர்களும் பல கரைப்பறவை இனங்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். நன்னீர்ப் பறவைகளில் மலேரியாக் கிருமிகள் தென்பட்டன. கடலோரப் பறவைகளில் கிட்டத்தட்ட இல்லை. காற்றடிக்கும் உப்புவெளியில் கொசுவுக்கு வேலை இல்லை அல்லவா?

அதற்காக உப்பளத்தில் புழுவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே நத்தைக்குப் பதிலாக ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் இறால். தூத்துக்குடி உப்பளங்களிலும் அது உண்டு. பூநாரையின் நாடாப்புழு ஒன்று தன் இளம்பருவத்தை அதற்குள் கழிக்கிறது. ஸ்பெயின், பிரான்ஸ் நாட்டு உப்பளங்களில் பார்த்தபோது, புழு கண்ட ஆர்ட்டீமியா உடம்பு சிவந்து, கூட்டமாக மேற்பரப்புக்கு வந்து மிதந்தது. பூநாரைக்கு அள்ளிக்கொள்வது சுலபம். நாடாப்புழுக்கள் பறவைகளின் பூர்வீகத்தையும் சொல்லும். அமபிலிடே என்ற ஒரு நாடாப்புழுக் குடும்பம் முக்குளிப்பான்களிடமும் பூநாரைகளிடமும் மட்டுமே காணப்படுகிறது. உருவத்தில் ஒட்டே இல்லாத இரண்டு பறவைகள். ஒன்று கண்மாயில் பந்துபோல முங்கி எழும் குள்ளம், மற்றது கடலோரத்தில் நெடுங்காலில் நிற்பது. அவை இரண்டும் மிக நெருங்கிய உறவு என்று 2001 முதல் மரபணு ஆய்வுகள் சொன்னபோது பறவையியலாளர்கள் முதலில் நம்பவில்லை. புழுக்களுக்கு அந்த உறவுமுறை முன்பே தெரிந்திருந்தது.

வலசைப் பறவைதான் நோயைக் கொண்டுவந்தது என்ற குற்றச்சாட்டை இந்தியா ஒருமுறை முறையாக விசாரித்தும் பார்த்திருக்கிறது. 1957இல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் செத்து விழுந்தன. பின் மனிதர்களுக்குக் காய்ச்சல் கண்டது. உண்ணி பரப்பும் வைரஸ் என்று புனே வைரஸ் ஆய்வு மையம் கண்டுபிடித்தது. அது ரஷ்யாவில் உள்ள ஒரு வைரஸுக்கு உறவு என்று தெரிந்ததும் சந்தேகம் பறவைகள் மேல் பாய்ந்தது: சைபீரியாவிலிருந்து இறகுக்குள் உண்ணியைச் சுமந்து வந்திருக்குமோ? சாலிம் அலியும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமும் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பறவைகளைப் பிடித்து வளையமிட்டு உண்ணி பொறுக்கத் தொடங்கினார்கள். நம் கோடியக்கரை அந்தப் பணியின் முக்கிய நிலையமாக வளர்ந்தது. பிறகு அமெரிக்க ராணுவம் பணம் கொடுத்த ஆசியத் திட்டம் ஒன்றும் இதோடு சேர்ந்துகொண்டது. எலியட் மெக்ளூர் தலைமையில் 1963 முதல் 1971 வரை பல நாடுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளுக்கு வளையமிட்டார்கள். ராணுவத்துக்குப் பறவை எதற்கு என்று 1970களின் நடுவில் நாடாளுமன்றக் குழு கேள்வி கேட்டது. கேட்க வேண்டிய கேள்விதான். கியாசனூர் நோயைப் பறவை கொண்டுவந்ததற்கான ஆதாரம் மட்டும் கடைசிவரை சிக்கவில்லை. உள்ளூர்க் காட்டு உண்ணி, உள்ளூர் எலி, குரங்கு, காட்டைத் திருத்தி மாட்டை உள்ளே ஓட்டிய மனிதர் என்று வழக்கு வேறு திசையில் போனது. நீலச்சிறகு வாத்து எங்கிருந்து எங்கே போகிறது என்று நமக்குத் தெரிந்தது அந்த விசாரணையின் உபரி லாபம்.

பறவைக்கு இதெல்லாம் என்ன செய்கிறது? பெரும்பாலும், கொஞ்சம் இளைக்க வைக்கிறது, அவ்வளவுதான். புழு இருப்பது வேறு, நோயில் விழுவது வேறு. கூட்டமாகப் பறவைகள் செத்து மிதந்தால் முதலில் புழுவைச் சந்தேகிக்கக் கூடாது. 2019 நவம்பரில் ராஜஸ்தானின் சாம்பர் ஏரியில் ஆயிரக்கணக்கில் செத்தது பாக்டீரியா நஞ்சால் வரும் பாட்டுலிசத்தில். புழுவே கொத்தாகக் கொன்ற இடமும் உண்டு, ஆனால் அங்கே நத்தை மாறியிருந்தது. ஐரோப்பாவிலிருந்து பித்தினியா என்ற நத்தை 1870களில் அமெரிக்கப் பேரேரிகளுக்கு வந்து சேர்ந்தது. 2002இல் மேல் மிசிசிப்பி ஆற்றில் தென்பட்டது. அதோடு வந்த குடல் தட்டைப்புழுக்களால் அங்கே நாமக்கோழிகளும் வாத்துகளும் ஆயிரக்கணக்கில் மடிந்திருக்கின்றன. இரை தேடி அந்த நத்தையை நிறைய விழுங்கிய வாத்து சில நாட்களிலேயே செத்துப்போகும். வீட்டு மீன்தொட்டி நத்தையைப் பாவம் பார்த்துக் கண்மாயில் கொட்டுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

பறவை தளரும்போது உள்ளே அடங்கிக் கிடக்கும் ஒட்டுண்ணி தலைதூக்கும் என்பதும் தெரிந்ததே. 1970இல் ஆப்பிள்கேட் என்பவர், மலேரியா அடங்கிப்போயிருந்த சிட்டுக்குருவிகளுக்கு அழுத்த ஹார்மோனான கார்ட்டிகோஸ்டிரோனைக் கொடுத்ததும் கிருமி இரத்தத்தில் மறுபடி பெருகியதைக் காட்டினார். இதைச் சிவகாசி வட்டாரத்தில் உட்கார்ந்து எழுதும்போது பட்டாசை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. நெதர்லாந்தில் புத்தாண்டு நள்ளிரவில் வாணவேடிக்கை தொடங்கியதும் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் இருட்டில் பதறி எழுந்ததை வானிலை ரேடாரே காட்டியது. 2011இல் அந்த ஆய்வு வெளிவந்தது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து இளைத்து இறங்கும் பறவைக்கு நம் தீபாவளி ஏறக்குறைய இறங்கும் சமயத்தில் வருகிறது. இரண்டையும் சேர்த்துக் கூட்டுவது என் கணக்கு. ஆனால் சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடியில், 1977 முதல் சரணாலயமாக உள்ள கண்மாய்களின் கரையில், கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் எந்த ஆய்வையும் படிக்காமலே தீபாவளிக்கு வெடி போடுவதை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வெடி செய்து பிழைக்கும் ஊருக்கு அதில் நஷ்டம் ஒன்றும் பெரிதில்லை. கண்மாய்க் கரையை மட்டும் விட்டுவிட்டு வெடிக்க எவ்வளவோ இடம் இருக்கிறது.

நம் கண்மாயில் எது ஓடுகிறது என்று பார்க்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. வலைக்கரண்டியால் நத்தைகளை அள்ளுங்கள். வெறுங்கையைத் தண்ணீரில் விட வேண்டாம். குளோரின் இல்லாத தெளிந்த கிணற்றுத் தண்ணீரில், நத்தைக்கு ஒரு கண்ணாடித் தம்ளராகப் போட்டு, காலை வெளிச்சம் படும்படி ஓரிரண்டு மணி நேரம் வையுங்கள். தம்ளருக்குப் பின்னால் கறுப்புத் தாள் ஒன்றைப் பிடித்தால், புழு கண்ட நத்தையின் தண்ணீரில் வெள்ளைத் தூசுகள் தாமாக நீந்துவது தெரியும். ஒரு சொட்டைப் பள்ளிக்கூட நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள். வால் முனை இரண்டாகப் பிளந்திருந்தால், அரிப்புக்காரப் புழுவாக இருக்கலாம். அதன் உடம்பின் முன்பாதியில் கறுப்பாக இரண்டு கண்புள்ளிகள் இருந்தால் அது பெரும்பாலும் வாத்து வகை. மாட்டு வகைக்குக் கண்புள்ளி கிடையாது. பார்த்து முடித்ததும் தம்ளரில் கொதிநீரை ஊற்றிவிட்டுக் கழுவுங்கள்.